பழைய பிக்கப்பில் இஞ்செக்‌ஷன் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டரோடு வந்த பழைய பெட்ரோல் பிக்கப்பில், ஈசியூ (பெட்ரோலை அளந்து பீய்ச்ச வைக்கும் இன்ஜின் கம்ப்யூட்டர்) வைத்த இஞ்செக்‌ஷன் இன்ஜினை ஏற்ற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. டீசல் மாற்றம் தனிக்கதை, அது இங்கே வராது. இன்ஜினைத் தூக்கி உட்கார வைப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. பெட்ரோலும் கரண்டும் அதற்குச் சரியாகப் போய்ச் சேருவதுதான் நாளைத் தின்னும். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இன்ஜினையே மாற்ற வேண்டுமா? கார்புரேட்டரை எடுத்துவிட்டு இஞ்செக்‌ஷன் கிட் போட்டால் போதாதா?

முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுவதும் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். அதிகம் காட்டும் சிலிண்டரின் முக்கால் பங்குக்குக் கீழே ஏதாவது ஒன்று இருந்தால், அந்த இன்ஜினில் கிட் போடுவது வீண் செலவு. தேய்ந்த ரிங்கை ஈசியூ சரிசெய்யாது. கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் திராட்டில் பாடி கிட் நல்ல வழிதான். ஆனால் அதற்கும் புது பம்ப், ரிட்டர்ன் லைன், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் வேண்டும். பாதி வேலை எப்படியும் உங்கள் தலையில்தான்.

எந்த இன்ஜின் போடலாம்?

உங்கள் வண்டிக்கே பின்னாளில் இஞ்செக்‌ஷனோடு வந்த இன்ஜின் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டொயோட்டா பிக்கப்பில் 22ஆர் இருந்தால் 22ஆர்-இ அதே 2.4 லிட்டர் குடும்பம். மவுண்டிங், பெல் ஹவுசிங் எதற்கும் பெரிய போராட்டம் இருக்காது. ஃபோர்டில் 302 வி8 இருந்தால் எண்பதுகளின் நடுவில் வந்த 5.0 இஞ்செக்‌ஷன் அதன் உடன்பிறப்பு. ஜிஎம் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலானவர்கள் தேடுவது எல்எஸ் என்ற வி8 குடும்பத்தை. 1999 மாடல் முதல் பிக்கப்புகளில் வந்த 4.8, 5.3, 6.0 லிட்டர் இன்ஜின்கள் பழைய வண்டிக் கிடங்குகளில் எளிதில் கிடைப்பதும், உதிரி பாகம் ஏராளமாக இருப்பதும்தான் காரணம்.

வேறு குடும்பத்து இன்ஜின் என்றால் வாங்கும் முன் டேப்பை எடுங்கள். ஆயில் சம்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னாலா? அது உங்கள் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் வேறு சம்ப், ஆயிலை உறிஞ்சும் வேறு பிக்கப் குழாய், சில சமயம் வேறு டிப் ஸ்டிக்கும் தேவைப்படும். ஸ்டீயரிங் ராடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா, பானெட் மூடுமா, பேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் குறுக்காக உட்கார்ந்திருந்த இன்ஜினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

இன்ஜின் மட்டும் வாங்கினால் போதுமா?

முடிந்தால் ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியை வாங்குங்கள். விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் தனி இன்ஜின் வாங்கியவர் அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு கனெக்டராகத் தேடி அலையும் செலவைக் கூட்டினால் கணக்கு திரும்பிவிடும்.

வண்டி கிடைத்தால், இன்ஜினைத் தொடும் முன் ஓட்டிப் பாருங்கள். ஸ்கேனர் மாட்டி எரர் கோடுகளை எழுதி வையுங்கள். பிறகு ஹார்னஸை (இன்ஜினின் வயர்க் கட்டை) ஒரு வயர்கூட வெட்டாமல் முழுசாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் டேப் ஒட்டி, எங்கே போனது என்று எழுதுங்கள். ஈசியூ, பியூஸ் பெட்டி, ஏர் பில்டர் பெட்டியோடு ஏர் ஃப்ளோ மீட்டர், ஆக்சிஜன் சென்சார், டேங்குக்குள் இருக்கும் பம்ப், சாவி எல்லாம் வேண்டும். கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் திராட்டில் என்றால் ஆக்சிலரேட்டர் பெடலையும் எடுக்க மறக்காதீர்கள். அந்தப் பெடலும் திராட்டில் பாடியும் ஈசியூவும் ஒரே வண்டியிலிருந்து வந்தால் தலைவலி இல்லை.

தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் ஈசியூவும் இன்ஜினும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எல்எஸ் குடும்பத்தில் கிராங்க் சென்சார் சக்கரம் இரண்டு வகை: பழையது 24 பல், பிந்தையது 58 பல். சென்சாரின் பிளாஸ்டிக் பொதுவாகப் பழையதில் கறுப்பு, பிந்தையதில் சாம்பல் நிறம். 24 பல் இன்ஜினில் 58 பல் ஈசியூவை மாட்டினால் செல்ஃப் சுற்றும், ஆனால் இன்ஜின் ஓடாது.

இம்மொபிலைசர் இருக்கும் இன்ஜினை என்ன செய்வது?

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு நொடியில் அணைந்தால், அல்லது செல்ஃப் சுற்றியும் இஞ்செக்டர் பல்ஸ் வராவிட்டால், முதல் சந்தேகம், சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இந்த இம்மொபிலைசர் மேல்தான். சாவி, சாவியைப் படிக்கும் வளையம், அதன் மாட்யூல், ஈசியூ நான்கையும் ஒன்றாகக் கொண்டு வருவது ஒரு வழி. ஈசியூ புரோகிராமில் அதை நீக்குவது இன்னொரு வழி. உங்கள் ஈசியூவில் அப்படி நீக்க ஆள் கிடைப்பாரா என்று வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பழைய பெட்ரோல் பம்பை வைத்தே ஓட்ட முடியாதா?

முடியாது. பழைய இன்ஜினில் கேம் தள்ளி ஓடும் பம்ப் 4 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரைதான் தரும். ஜிஎம்மின் திராட்டில் பாடி இஞ்செக்‌ஷனுக்கே 9 முதல் 13 பிஎஸ்ஐ வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர் வைத்த இன்ஜின்களில் 35-க்கு மேல்தான் பேச்சு, எல்எஸ் இன்ஜின்களுக்கு 58.

பம்ப் டேங்குக்குள் இருப்பதே நல்லது. இந்த பம்புகள் பெட்ரோலை நன்றாகத் தள்ளும், இழுப்பதில் மந்தம். சுற்றியிருக்கும் பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கவும் செய்யும். வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் டேங்குக்கு அருகிலேயே, டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, சைலன்சர் சூடு படாத இடத்தில் வையுங்கள். பம்புக்கு முன் 100 மைக்ரான் அளவில் பெரிய கண் பில்டர், பம்புக்குப் பின் 10 மைக்ரான் அளவில் நுண்ணிய பில்டர். இதைத் தலைகீழாக மாட்டினால் பம்ப் இழுக்க முடியாமல் கத்தும், சீக்கிரம் சாகும்.

பலரும் கவனிக்காத விஷயம் டேங்கின் வடிவம். பழைய டேங்க் உள்ளே தடுப்பு இல்லாத வெறும் பெட்டி. கார்புரேட்டர் காலத்தில் அது பிரச்சினையே இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பது சில நொடி தாங்கும். இஞ்செக்‌ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை. பம்ப் ஒரு நொடி காற்றை விழுங்கினாலே இன்ஜின் தடுமாறும். கால் டேங்க் இருக்கும்போது வளைவில் மட்டும் இழுவை போய், நேராக வந்ததும் சரியாகிறது என்றால் இதுதான் காரணம். பம்பைச் சுற்றிக் கிண்ணம் உள்ள மாட்யூலை டேங்கில் பொருத்தலாம். அல்லது ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சிறு சர்ஜ் டேங்க் வைத்து, பழைய டேங்கிலிருந்து குறைந்த பிரஷர் பம்ப் அதை நிரப்பட்டும், உயர் பிரஷர் பம்ப் அதிலிருந்து எடுக்கட்டும்.

துரு ஏறிய டேங்கில் புது பம்பை இறக்காதீர்கள். கழுவி, காயவைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பிறகு இறக்குங்கள்.

ரிட்டர்ன் லைன் கட்டாயமா?

பெட்ரோல் பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இன்ஜின் மேல் இருந்தால் கட்டாயம். மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் தடையில்லாமல் திரும்ப வேண்டும். குழாய் மெலிதாக இருந்தால் ஐடிலில் பிரஷர் ஏறிவிடும். டேங்கின் பழைய ஆவிக் குழாயை ரிட்டர்னாக்கி, இப்படிச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ரிட்டர்ன் இல்லாத இன்ஜின் என்றால் டேங்குக்குப் பக்கத்திலேயே ரெகுலேட்டர் வைத்து அங்கிருந்தே திருப்பிவிடலாம். கார்வெட்டில் வந்த மூன்று குழாய் பில்டர் 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டரையும் உள்ளேயே வைத்திருப்பதால், எல்எஸ் மாற்றுபவர்களிடம் அது பிரபலம்.

எந்த ஹோஸ், எந்த கிளிப்?

ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ 30ஆர்7 என்பது கார்புரேட்டர் காலத்து ஹோஸ், 50 பிஎஸ்ஐ வரைதான். இஞ்செக்‌ஷனுக்கு 30ஆர்9. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10 தேவை. வெளி ஹோஸை உள்ளே போட்டால் அதன் வெளித்தோல் ஊறி உரியும், அந்தத் துணுக்கு பம்பின் வலையில் போய் அடைக்கும்.

பல் வெட்டிய சாதாரண வார்ம் கிளிப் வேண்டாம். அதன் பள்ளங்களில் ரப்பர் பிதுங்கி அறுபடும். உள்பக்கம் வழவழப்பாக, சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் இஞ்செக்‌ஷன் கிளிப்பே போடுங்கள். இரும்புக் குழாயின் முனையில் மேடு இருக்க வேண்டும். வழுக்கையான முனையில் ஹோஸ் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் கழலும். 58 பிஎஸ்ஐயில் கழன்றால் சொட்டாது, சூடான மேனிஃபோல்டு மேல் பீய்ச்சியடிக்கும்.

இதனால்தான் பம்பை நேராக சாவியின் வயரில் கொடுக்கக் கூடாது என்கிறோம். இன்ஜின் நின்றதும் பம்பை நிறுத்துவது ஈசியூவின் வேலை. அதன் ரிலே வழியாகவே கொடுங்கள். மோதினால் துண்டிக்கும் இனெர்ஷியா ஸ்விட்சும் ஒன்று வைத்தால் நல்லது.

ஹார்னஸில் நூறு வயர் தொங்குகிறது. எதை எங்கே கொடுப்பது?

சென்சார்களுக்கும் இஞ்செக்டர்களுக்கும் போகும் வயர்கள் எல்லாம் ஏற்கெனவே தத்தம் இடத்தில் இருக்கின்றன. பழைய வண்டியோடு நீங்கள் சேர்க்க வேண்டியது பத்துப் பன்னிரண்டுதான்: பேட்டரியிலிருந்து நிரந்தர 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், பம்ப் ரிலே, பேன் ரிலே, செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனர் சாக்கெட், ஸ்பீடு சென்சார், எர்த், இப்படி. அந்த மாடல், அந்த வருடத்துக்கு உரிய வயரிங் டயக்ராம் கையில் வரும்வரை கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள். வேண்டாத வயரையும் நடுவில் வெட்டாமல் கனெக்டரிலிருந்து பின்னோடு உருவி எடுங்கள்.

இதில் மிக அதிகம் பேர் தடுக்கி விழுவது சாவி வயரில். பழைய சாவியில் ரேடியோ, ஹீட்டருக்குப் போகும் வயர்கள் செல்ஃப் சுற்றும் நேரத்தில் செத்துவிடும். ஈசியூவை அதில் மாட்டினால் செல்ஃப் சுற்றும்வரை நெருப்பே வராது, சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு முறை பிடிக்கப் பார்க்கும். இதற்கு நேர் எதிரானது பழைய இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயர். பிளாட்டினம் பாயின்ட் வைத்த வண்டிகள் பலவற்றில் அதன் வழியில் ஒரு ரெசிஸ்டர் அல்லது ரெசிஸ்டன்ஸ் வயர் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது அது பைபாஸ் ஆகி முழு வோல்டேஜ் வரும், சாவியை விட்டதும் குறைந்துவிடும். ஈசியூவை அதில் கொடுத்தால் ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் அணையும்.

இரண்டையும் மல்டிமீட்டரில் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். ஆனால் மீட்டர் மட்டும் இருந்தால் ரெசிஸ்டர் ஏமாற்றும். சுமை இல்லாத வயரில் அது 12 வோல்ட்டே காட்டும். அதனால் ஒரு ஹெட்லைட் பல்பைச் சுமையாக மாட்டிக்கொண்டு அளங்கள். சாவி போட்டதும் 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும், செல்ஃப் சுற்றும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது, விட்ட பிறகும் நிற்க வேண்டும். அப்படி ஒரு வயர் கிடைத்தாலும் ஈசியூவின் சுமையை அதில் ஏற்றாதீர்கள். ஒரு ரிலே வையுங்கள்: அந்த வயர் ரிலேயின் 86 எண் முனைக்கு, 85 எர்த்துக்கு, 30-க்கு பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் வயர், 87-லிருந்து ஈசியூவுக்கு. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நாற்பது வருட சாவிக்கு ரிலேயின் சின்னஞ்சிறு காயிலை இயக்குவதுதான் கௌரவமான வேலை.

சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறதா? ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வயர் வழியாகக் கரண்ட் திரும்பி வந்து ரிலேயைப் பிடித்து வைத்திருக்கலாம். அந்த வயரில் ஒரு டயோடு போட்டால் தீரும்.

எர்த் எத்தனை கொடுக்க வேண்டும்?

பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த கேபிள் நேராக இன்ஜின் பிளாக்குக்கு. பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒன்று. ஈசியூவின் எர்த் வயர்கள் அசல் வண்டியில் இன்ஜின் மேல் எங்கே இறுகியிருந்தனவோ அங்கேயே. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் பிளாக்குக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. புரியாத சென்சார் கோடுகள் மாறி மாறி வந்தால் சென்சார் வாங்கும் முன் இதை அளங்கள்.

பழைய ஆம்பியர் மீட்டரை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் சார்ஜ் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு வழியாக அந்த மீட்டருக்குள் போய் வரும். பம்பும் எலெக்ட்ரிக் பேனும் சேர்ந்த சுமையை அந்த வயர் தாங்காது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு பியூசோடு தடித்த கேபிள் நேராகக் கொடுத்து, மீட்டர் இடத்தில் வோல்ட் மீட்டர் வைத்துவிடுங்கள்.

பழைய கியர் பாக்ஸையே வைக்கலாமா?

ஒரே குடும்பம் என்றால் வைக்கலாம். மற்றபடி இன்ஜினோடு வந்த கியர் பாக்ஸையே ஏற்றுவது புத்திசாலித்தனம். பெல் ஹவுசிங் போல்ட் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். எல்எஸ் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் கிராங்கின் பின்முகம் ஜிஎம்மின் பழைய ஸ்மால் பிளாக் வி8-ஐவிட 0.400 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளி இருக்கும். பழைய ஆட்டோமேட்டிக் என்றால் நடுவே ஸ்பேசர் வேண்டும்.

பெல் ஹவுசிங் இன்ஜினோடு கையாலேயே ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட் போட்டு இழுத்தால் ஆட்டோமேட்டிக்கில் உள் பம்ப் உடையும், மேனுவலில் கிளட்ச் டிஸ்க் அல்லது இன்புட் ஷாஃப்ட் அடிபடும். ஆட்டோமேட்டிக்கில், போல்ட் மாட்டும் முன் கியர் பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் பக்கத்து பிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கன்வெர்ட்டர் முழுசாக உள்ளே உட்காரவில்லை.

புரொப்பல்லர் ஷாஃப்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளங்கள், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல. கியர் பாக்ஸுக்குள் வழுக்கி நுழையும் முனையான ஸ்லிப் யோக், முழுவதும் உள்ளே போன நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இருக்கட்டும். இரண்டு முனையிலும் ஜாயின்ட் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் அதிர்வு வராது.

மவுண்டிங்கை எப்போது வெல்டு செய்வது?

கடைசியில். முதலில் புள்ளி வெல்டு மட்டும். எக்ஸாஸ்ட், ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் பூஸ்டர், ரேடியேட்டர், பேன் எல்லாம் மாட்டி, பானெட்டை மூடிப் பார்த்த பிறகு முழு வெல்டு. இன்ஜின் முறுக்கும்போது அசையும். சுற்றிலும் 20 மில்லிமீட்டராவது காலி இருக்கட்டும். வெல்டு போடும்போது ஈசியூவின் கனெக்டரைக் கழற்றி வையுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு குறையும் என்கிறார்களே?

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இஞ்செக்‌ஷனில் செய்தால் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று ஈசியூ நம்பி, சோக் இழுத்த மாதிரி கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். இன்ஜினுக்குச் சொன்ன டிகிரி தெர்மோஸ்டாட்டையே போடுங்கள். எல்எஸ்ஸில் ஹெட்டின் மேல் நீராவி வெளியேறும் சிறு குழாய் இருக்கும். அதை அடைக்காமல் ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ கூலன்ட் டேங்குக்கோ கொண்டுபோங்கள்.

டேஷ்போர்டு டெம்பரேச்சர் மீட்டரை ஈசியூவின் சென்சார் வயரில் ஒட்டுப் போடக் கூடாது. ஜிஎம் சென்சார் 20 டிகிரியில் 3500 ஓம் சுற்றி இருக்கும், 100 டிகிரியில் 180 ஓமுக்கு இறங்கிவிடும். அதில் இன்னொரு மீட்டரைச் சேர்த்தால் ஈசியூவின் கணக்கே தப்பிவிடும். மீட்டருக்குத் தனி சென்டர் வைக்க ஹெட்டில் வேறு துளை தேடுங்கள்.

ஆக்சிஜன் சென்சாரை எங்கே வைப்பது?

மேனிஃபோல்டுக்குக் கீழே, ஒரு பக்கத்துச் சிலிண்டர்களின் புகை எல்லாம் சேரும் இடத்தில். படுக்கைக் கோட்டுக்கு 10 டிகிரியாவது மேலே சாய்ந்திருந்தால் நீர்த்துளி தேங்காது. அதற்கு முன்னால் கேஸ்கெட்டில் துளி லீக்கூட இருக்கக் கூடாது. புகை வெளியே வருவது மட்டும் லீக் இல்லை, புகையின் அழுத்த அலை இறங்கும் நேரத்தில் அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு பெட்ரோல் குறைவு என்று சொல்லும், ஈசியூ கூட்டும். இன்ஜின் கறுப்புப் புகை விடும், ஸ்கேனரோ லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். இப்படி முரணாக வந்தால் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்குகளையும் பம்ப் பியூஸையும் கழற்றி, இஞ்செக்டர் கனெக்டர்களையும் பிரித்துவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ஃப் அடியுங்கள், விட்டுவிட்டு. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, சாவியை மட்டும் போடுங்கள். பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும் சத்தம் பின்னாலிருந்து கேட்க வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்து, பிரஷர் கேஜைப் பார்த்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்து ஸ்கேனர். குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் டெம்பரேச்சரும் காற்று டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கேபிள் திராட்டில் என்றால் அதன் சென்சார், திராட்டில் மூடிய நிலையில் 0.5 வோல்ட் அளவிலிருந்து, அழுத்த அழுத்தத் தடங்கலின்றி 4.5 பக்கம் ஏற வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும், கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் சுற்றி. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரை விட்டு வேறு எதையும் தேடாதீர்கள்.

ஐடில் ஏறி இறங்கி ஆடுகிறது. எதைப் பார்ப்பது?

எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட், அடைக்க மறந்த வேக்குவம் முனை. 22ஆர்-இ போல மடல் வைத்த ஏர் ஃப்ளோ மீட்டர் என்றால், மீட்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் காற்று மடலைத் தள்ளாமல் குறுக்கே நுழையும். அந்த மடல்தான் பம்பையும் ஓட வைக்கிறது என்பதால் இன்ஜின் அணையவும் செய்யும்.

பதிவு, சோதனை எல்லாம்?

பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருக்கும் இடங்களில் மாற்றத்துக்கு அனுமதி தேவைப்படும். புகைச் சோதனையில் அந்த இன்ஜினோடு வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டர் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும் இடங்களும் உண்டு. பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். வாங்கிய ரசீதில் இன்ஜின் எண் எழுதியிருக்கட்டும்.

கழற்றிய பழைய இன்ஜினை உடனே விற்றுவிடலாமா?

பேப்பர் வேலை முடிந்து, புது இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டராவது ஓடும்வரை பொறுங்கள். மவுண்டிங் பிராக்கெட், பிளைவீல், கிளட்ச் ஃபோர்க், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றை அளவு பார்க்கத் திரும்பத் திரும்பத் தேடுவீர்கள். கூலன்ட்டை வடித்து, பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கைத் திரும்ப மாட்டி, இன்டேக் வாயைத் துணியால் இல்லாமல் தகடால் மூடி வையுங்கள். துணியில் எலி கூடு கட்டும்.